எமர்ஜ், அரைஸ், எமனேட்: எதை எங்கே போடுவது?

ஆலைக்காரன்:
கழிவுநீர்த் தொட்டி பற்றி ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுகிறேன். தொட்டியிலிருந்து நாற்றம் வருகிறது, அதனால் பிரச்சினை வருகிறது, விசாரித்ததில் வால்வு பழுது என்று தெரியவருகிறது. தமிழில் 'வருகிறது' என்றே ஓட்டிவிடலாம். ஆங்கில அகராதியோ எமர்ஜ், அரைஸ், எமனேட் என்று அடுக்கி மூன்றுக்கும் ஏறக்குறைய ஒரே பொருளைச் சொல்கிறது. எதை எங்கே போடுவது?

பிழைதிருத்தி:
எது வருகிறது என்று பாருங்கள், பாதி வேலை முடிந்துவிடும். நாற்றம், வெளிச்சம், சத்தம் என்று ஓரிடத்திலிருந்து பரவிக்கொண்டே இருப்பதற்கு எமனேட். பிரச்சினை, கேள்வி, தேவை, தகராறு இதெல்லாம் அரைஸ்; ஒப்பந்தப் பத்திரங்களில் 'அரைசிங் அவுட் ஆஃப்' என்று வருமே, அதேதான். எமர்ஜ் என்றால் மறைவில் இருந்தது வெளிப்படுவது. லத்தீனில் 'மெர்கெரே' என்றால் முக்குவது, முங்கிக் கிடந்தது மேலே வந்தால் எமர்ஜ். குகைப்பாதையை விட்டு ரயில் வெளியே வருவதும், கூட்டிலிருந்து பட்டாம்பூச்சி வருவதும், விசாரணையில் உண்மை வெளிவருவதும் இதில் அடங்கும். உங்கள் வால்வுக்கு 'இட் எமர்ஜ்டு தட்' சரியாக இருக்கும்.

சிவப்புமை:
அப்புறம், 'வாஸ் எமர்ஜ்டு' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், எனக்கு வருகிற அறிக்கைகளில் பாதியில் இதுதான் இருக்கிறது. இந்த மூன்றும் அந்தப் பொருளில் தானாக நடப்பவை, செயப்பாட்டு வினை ஆகாது. 'அரைஸ் எ டவுட்' என்பதும் தப்பு: சந்தேகம் தானே எழுந்தால் அரைஸ், நாம் எழுப்பினால் ரெய்ஸ். இறந்தகாலம் அரோஸ், 'அரைஸ்டு' என்று ஒன்று கிடையாது.

சும்மாவந்தவன்:
எமனேட் கொஞ்சம் வேட்டி சட்டை போட்டுக்கொண்டு வருகிற சொல். பராமரிப்பு ஆட்கள் படிக்கிற அறிக்கை என்றால் 'கமிங் ஃப்ரம்' போதுமே, யாரும் குறை சொல்லப்போவதில்லை.

ஆலைக்காரன்:
நன்றி. இன்னொன்று, வால்வு வழியாகத் தண்ணீரும் வெளியே வருகிறது. அதற்கும் எமர்ஜா?

பிழைதிருத்தி:
வேண்டாம். ஒழுகினால் லீக், தொட்டி நிரம்பி வழிந்தால் ஓவர்ஃப்ளோ. எப்படி வருகிறது என்று தெரிந்த பிறகு பொதுவான வினையைப் போட்டால், பழுதுபார்க்க வருகிறவர் எந்த ஸ்பேனரை எடுத்துவருவார்?