ஓட்டே வேண்டாம் என்றவர்களைச் சந்தித்திருக்கிறீர்களா?

ஆலன்டவுன்காரன்:
அமெரிக்கக் குடியுரிமை வாங்கியபின் எனக்கு 2024தான் முதல் அதிபர் தேர்தல். பென்சில்வேனியாவில் பெயர் பதிய அக்டோபர் 21 கடைசி நாள் என்பதால், அதற்கு முந்தைய சனி, ஞாயிறுகளில் ஒரு தன்னார்வக் குழுவோடு வீடு வீடாகப் போனேன். எந்தக் கட்சிக்கும் இல்லை, படிவம் நிரப்ப வைப்பது மட்டும்தான் வேலை. சண்டைக்காரர்களை எதிர்பார்த்துப் போனேன். பார்த்ததெல்லாம் அலுத்துப்போனவர்களை.

பள்ளிப் பேருந்து ஓட்டும் ஒரு அம்மா, அறுபது வயதிருக்கும். வீடு மாறியதால் முகவரி மாற்ற வேண்டும், ஆனால் மாட்டேன் என்றார். 2020இல் கொரோனாவுக்குப் பயந்து தபாலில் ஓட்டுப் போட்டாராம். தபால் உறைகளைத் தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் பிரிக்கவே கூடாது என்பது இங்கே சட்டம். அதனால் எண்ணிக்கை நாள் கணக்கில் இழுத்தது. முதல் நாள் இரவு டிரம்ப் முன்னிலை, தபால் ஓட்டுகளை எண்ணி முடித்தபோது இந்த மாநிலத்தில் பைடன் 80,555 ஓட்டில் ஜெயித்தார். அந்த அம்மாவுடைய தம்பி விடிய விடிய ஃபேஸ்புக்கில் "தபாலில் வந்ததெல்லாம் கள்ள ஓட்டு" என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். "அதில் என் ஓட்டும் இருக்கிறதேடா" என்று இவர் கேட்க, பேச்சு முற்றி, குடும்பம் கூடும் நன்றி நவிலல் (தாங்க்ஸ்கிவிங்) விருந்துக்குப் போவதே நின்றுவிட்டது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த அம்மா போட்டதும் டிரம்புக்குத்தான். யாருக்குப் போட்டாய் என்று தம்பி கேட்கவே இல்லையாம்.

அட்லாண்டா அக்கா:
எங்கள் அலுவலகத்திலும் இதே கதை. ஜார்ஜியாவில் டிரம்ப் 11,779 ஓட்டில் தோற்றார். கிட்டத்தட்ட 50 லட்சம் காகித ஓட்டுகளைக் கையால் எண்ணிப் பார்த்தும் முடிவு மாறவில்லை. ஆனாலும் என் பக்கத்து மேசைக்காரர், டிரம்பின் குடியரசுக் கட்சியில் தீவிரமானவர், "இயந்திரமே மோசடி, இனி எதற்குப் போடணும்?" என்று 2021 ஜனவரி 5 செனட் (நாடாளுமன்ற மேலவை) மறுதேர்தலுக்குப் போகவில்லை. நவம்பரில் அவர் கட்சியின் செனட் வேட்பாளர் பெர்டூ 49.7 சதவீதம் வாங்கியிருந்தார், 50ஐத் தாண்டியிருந்தால் அன்றே கதை முடிந்திருக்கும். மறுதேர்தலில் அந்தக் கட்சி இரண்டு செனட் இடங்களையும் இழந்தது, செனட்டும் கை மாறியது. மறுநாள்தான் வாஷிங்டனில் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் டிரம்ப் ஆதரவுக் கும்பல் புகுந்தது. இவர் அதைத் தொலைக்காட்சியில் பார்த்துவிட்டு, "பார்த்தீங்களா, நான் சொன்னேன்ல" என்றார். என்ன சொன்னார் என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை!

நாஷுவா:
நியூ ஹாம்ப்ஷயர். 2024 ஜனவரியில், கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்கட்டத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, பைடன் குரலில் போன் வந்தது: செவ்வாயன்று ஓட்டுப் போடாமல் நவம்பருக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று. செயற்கை நுண்ணறிவில் செய்த போலிக் குரல். செய்வித்த ஆலோசகருக்குப் பின்னால் 60 லட்சம் டாலர் அபராதம். எங்கள் பக்கத்து வீட்டுப் பாட்டி கோபப்படுவார் என்று பார்த்தேன். "எது நிஜம் என்று யாரப்பா உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது" என்றார், அவ்வளவுதான்.

அட்லாண்டா அக்கா:
தம்பி, அந்தப் பேருந்து அம்மா அப்புறம் பதிந்தாரா?

ஆலன்டவுன்காரன்:
இல்லைக்கா. படிவத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அடுத்த வீட்டில் நாய் இருக்கிறது, கேட்டைத் திறக்காமல் வெளியிலிருந்தே கூப்பிடு என்றார்.