நெடுந்தூரக் கார்ப் பயணத்துக்கு எந்த வரைபடச் செயலி?

வழித்துணை:
கூகுள் மேப்ஸ் ஒன்றே போதும் என்று பலரும் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. யாரும் திருத்தக்கூடிய பொது வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவில் இயங்கும் ஆஸ்மாண்ட், ஆர்கானிக் மேப்ஸ் ஆகிய செயலிகளில் போகும் பகுதி முழுவதன் வரைபடத்தையும் முன்கூட்டியே இறக்கி வைத்துக்கொண்டால், சிக்னல் கிடைக்காத மலைப்பாதையில் திருப்பத்தைத் தவறவிட்டாலும் கைபேசியே புதிய வழியைக் கணக்கிட்டுவிடும். நம் இருப்பிடத்தைக் காட்டும் ஜிபிஎஸ்ஸுக்கு இணையம் தேவையே இல்லை.

கதிரொளி:
கூகுள் மேப்ஸிலும் வரைபடத்தை இறக்கி வைக்கலாமே! ஓட்டுபவருக்கு முதன்மையானது தூரமன்று, நேரம். ஒரு சாலையில் வாகனங்கள் இப்போது எந்த வேகத்தில் நகர்கின்றன என்பதை, அதில் செல்வோரின் கைபேசிகள் அனுப்பும் இருப்பிடத் தகவலிலிருந்தே பெரும்பாலும் அறிகிறார்கள். கூகுள் 2013இல் வாங்கிய வேஸ் செயலியிலோ, முன்னால் செல்பவர்களே விபத்தையும் சாலை அடைப்பையும் உடனுக்குடன் பதிவு செய்கிறார்கள். இறக்கி வைத்த வரைபடம் இதை எப்படிச் சொல்லும்?

வழித்துணை:
நீங்கள் சொல்லும் பலம் இணையம் உள்ளவரைதான். இணைப்பு அறுந்த நிலையில் கூகுள் மேப்ஸில் வழி கேட்டால் நெரிசல் விவரமும் வராது, மாற்றுவழிகளும் வரா. இறக்கிய பகுதியை அவ்வப்போது புதுப்பிக்காவிட்டால் அது காலாவதியும் ஆகிவிடும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் ஓட்டுவது உயரமான வேன். முன்பு பயன்படுத்திய ஒரு செயலி என்னைத் தாழ்வான பாலம் ஒன்றின் அடியில் கொண்டுபோய் நிறுத்தியது. பின்னால் வண்டிகள் வரிசைகட்டி நிற்க, பின்னோக்கியே ஓட்டி வெளியே வந்தேன். ஆஸ்மாண்டில் வண்டியின் உயரத்தையும் எடையையும் கொடுத்தால், அவற்றுக்கு ஒவ்வாத சாலைகளை ஒதுக்கிவிட்டு வழி காட்டுகிறது. எனக்கு ஐந்து நிமிடம் மிச்சமாவதைவிட இது பெரிது.

கதிரொளி:
வேனுக்கு அது தேவை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2004இல் தொடங்கிய ஓபன்ஸ்ட்ரீட்மேப் பெரும்பாலும் தன்னார்வலர்கள் வரைந்தது. பாலத்தின் உயரத்தை எவரேனும் பதிந்திருந்தால்தான் செயலிக்குத் தெரியும். பதியப்படாத பாலத்துக்குத் தடையே இல்லை என்றுதான் அது கணக்கிடும். எனவே சாலையோரப் பலகையைப் பார்க்கும் பொறுப்பு அங்கேயும் உங்களுடையதே. கதவு எண்ணைக் கொடுத்துத் தேடினால் பல இடங்களில் அது கிடைப்பதுமில்லை.

நெடுவழி:
இருவருமே அமைப்புகளைப் பற்றிப் பேசவில்லை. சுங்கச் சாலைகளைத் தவிர்ப்பது, படகுத்துறை வழிகளைத் தவிர்ப்பது ஆகியவற்றை ஒருமுறை தேர்ந்துவிட்டு மறந்துவிடுகிறோம். அடுத்த பயணத்தில் சுற்றுவழி வரும்போது செயலியைக் குறைசொல்கிறோம். வந்துசேரும் நேரம் ஏறத்தாழ ஒன்றாக இருந்தால் எரிபொருள் குறைவாகச் செலவாகும் வழியை முன்னிறுத்தும் வசதியும் கூகுள் மேப்ஸில் உண்டு என்பதால், திரையில் முதலில் தெரிவதே மிக விரைவான வழி என்று நினைத்துவிடாதீர்கள். புறப்படுமுன் முழு வழியையும் பெரிதாக்கிப் பாருங்கள். இரண்டு நிமிடத்துக்காகக் குறுகிய சந்துக்குள் நுழைக்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.

வழித்துணை:
பலகையைப் பார்க்க வேண்டும் என்பதில் மறுப்பில்லை, கதிரொளி. நகரத்துக்குள் நீங்கள் சொல்வதையே பயன்படுத்துகிறேன். நகர எல்லையைத் தாண்டியதும் ஆஸ்மாண்டுக்கு மாறிவிடுவேன். அந்த உயரப் பதிவுகளில் விடுபட்டவற்றை, பாலத்தைக் கடந்த பிறகு வண்டியை நிறுத்தி, நானே சேர்த்தும் வருகிறேன்.