மங்கலான கோடு விழுந்தால் களப்பணியாளருக்கு என்ன தெரியும்?

தெருவிளக்கு:
நேற்று வேறொரு இழையில் மைக்ரோபிப்பெட் இப்படி எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "சில நாள் பயிற்சி எடுத்துக்கொண்டு தெருவில் நின்று விரலைக் குத்துவது எச்ஐவி பரிசோதனை ஆகாது. மங்கலான கோடு விழுந்தால் அவர்களுக்கு என்ன தெரியும்?" ராத்திரி முழுக்க இது மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. ஒன்பது வருடமாக நான் செய்வது இதைத்தான். பாலியல் தொழிலில் இருப்பவர்கள், திருநங்கைகள், ஊசியில் போதைமருந்து ஏற்றிக்கொள்பவர்கள், பகலில் ஆஸ்பத்திரிப் பக்கமே தலைகாட்டாதவர்கள், இவர்களைத் தேடிப் போய் டெஸ்ட் செய்கிறோம். மங்கலான கோடு எங்களுக்குத் தெரியும் சார். விரல் ரத்தத்தைக் கிட்டின் பட்டையில் விட்டதும், தொற்றைக் காட்டும் இடத்தில் விழும் கோடுதானே அது? படிக்க வேண்டிய நேரத்துக்குள் விழுந்தால் எவ்வளவு மங்கலாக இருந்தாலும் அது கோடுதான், ரியாக்டிவ்தான், அதாவது தொற்று இருக்கலாம், உறுதிசெய்து பார்க்க வேண்டும். முதல் நாள் பயிற்சியிலேயே சொல்லிக்கொடுப்பது இது.

மைக்ரோபிப்பெட்:
என் பெயரைப் போட்டே ஆரம்பித்திருப்பதால் பதில் சொல்கிறேன். இருபது வருடமாக ஆய்வகத்தில் இருக்கிறேன். நல்ல வெளிச்சத்தில், மேஜையில் வைத்துப் பார்க்கும்போதே மங்கலான கோட்டில் இரண்டு டெக்னீஷியன்களுக்குள் கருத்து வேறுபாடு வரும். நீங்கள் செல்போன் டார்ச்சில் பார்க்கிறீர்கள். 15 நிமிடம் தாண்டினால் ரிசல்ட் செல்லாது. தெருவில் யார் கடிகாரம் பார்க்கிறார்கள்?

தெருவிளக்கு:
15 நிமிடம் என்று யார் சொன்னது? கிட்டுக்குக் கிட்டு மாறும். டிடர்மைன் 15 நிமிடத்திலிருந்து 60 நிமிடம் வரை படிக்கலாம். ஓராக்விக் 20 முதல் 40. உறைக்குள் இருக்கும் தாளிலேயே அச்சடித்திருக்கிறது. இருபது வருட ஆய்வகக்காரர் அதைப் படித்ததில்லையா?

மைக்ரோபிப்பெட்:
படித்திருக்கிறேன் தம்பி. நான் சொல்ல வந்தது நேரம் தவறினால் என்ன ஆகும் என்பது. பட்டை காய்ந்த பிறகு நிழல் மாதிரி ஒரு கோடு தெரியும். அதைப் பார்த்து ஒருவருக்கு எச்ஐவி என்று சொல்லிவிட்டால்?

தெருவிளக்கு:
முதலில், நான் தம்பி இல்லை, பெண். இரண்டாவது, "எச்ஐவி இருக்கிறது" என்று நாங்கள் யாரிடமும் சொல்வதில்லை. "இன்னும் பரிசோதனை செய்ய வேண்டியிருக்கிறது, நானே கூட வருகிறேன்" என்றுதான் சொல்வோம்.

கணக்குப்புலி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நீங்கள் இருவரும் இரண்டு வேறு விஷயங்களைப் பேசுகிறீர்கள். களத்தில் நடப்பது வடிகட்டல், ஆய்வகத்தில் நடப்பது உறுதிசெய்தல். உலக சுகாதார நிறுவனம் 2015லேயே பயிற்சி பெற்ற சாதாரணப் பணியாளர்கள் ரேபிட் டெஸ்ட் செய்யலாம் என்று சொல்லிவிட்டது. 2019லிருந்து மூன்று வெவ்வேறு டெஸ்ட் வரிசையாக ரியாக்டிவ் வந்தால்தான் எச்ஐவி உறுதி என்கிறது. ஏன் என்றால், 10,000 பேரில் 100 பேருக்குத் தொற்று இருக்கிறது என்று வையுங்கள். தொற்று இல்லாத நூறு பேரில் ஒருவருக்குத் தப்பாகக் கோடு காட்டும் டெஸ்டாக இருந்தால், மீதி 9,900 பேரில் 99 பேருக்குத் தப்பாக வரும். சரியானது 100, தப்பானது 99. ஒரு கோட்டை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஆய்வகத்திலும்தான்.

மைக்ரோபிப்பெட்:
கேட்டீர்களா? பாதிக்குப் பாதி தப்பு. இதைத்தான் நான் சொன்னேன்.

கணக்குப்புலி:
நான் சொன்னது அது இல்லை சார். நூற்றில் பத்துப் பேருக்குத் தொற்று இருக்கும் குழுவில் 10,000 பேரை எடுத்தால் அதே டெஸ்ட் சரியாக 1,000 பேரைக் காட்டும், தப்பாக 90 பேரைத்தான் காட்டும். தொற்று அதிகம் இருக்கிற இடத்தைத் தேடிப் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மைக்ரோபிப்பெட்:
அந்த 90 பேரும் மனிதர்கள்தானே? ஒருவரை நான் நேரில் பார்த்தேன். களத்தில் குத்தி, கோடு விழுந்தது என்று அனுப்பியிருந்தார்கள். என்னிடம் வந்து சேர்வதற்குள் 11 நாள் ஆகிவிட்டது. அதற்குள் வீட்டை விட்டு வெளியேறி, தங்கின இடத்தை யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். மூன்று டெஸ்டும் நெகட்டிவ். பேப்பரைக் கையில் கொடுத்தபோது அவர் சந்தோஷப்படவில்லை, "இதை முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா?" என்று கேட்டார். நான் என்ன பதில் சொல்வது? அந்த மங்கலான கோட்டைப் படித்தது யார்?

தெருவிளக்கு:
அவருக்கு நடந்தது தப்பு, மறுக்கவில்லை. ஆனால் தப்பு கோட்டில் இல்லை, அந்த 11 நாளில் இருக்கிறது. கோடு விழுந்த அன்றோ மறுநாளோ கூட்டிக்கொண்டு வந்து உங்கள் வாசலில் நிறுத்தியிருக்க வேண்டும். நான் அப்படித்தான் செய்கிறேன். அப்படி நிறுத்தினால் உங்கள் பக்கம் என்ன நடக்கிறது தெரியுமா? ஒரு அக்காவை ஓர் ஆஸ்பத்திரிக்கு மூன்று முறை கூட்டிப் போனேன். முதல் முறை "டோக்கன் முடிந்தது". இரண்டாம் முறை, வரிசையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி "எய்ட்ஸ் டெஸ்டுக்கு வந்தவங்க யாரு?" என்று கத்தினார்கள். அவர் எழுந்திருக்கவே இல்லை. மூன்றாம் முறை வாசல் வரை வந்து திரும்பிவிட்டார்.

அதே அக்காவுக்குத்தான் அப்புறம் ராத்திரி பதினோரு மணிக்கு நான் டெஸ்ட் செய்தேன். விரல் ஐஸ் மாதிரி இருந்தது, குத்தியும் ரத்தம் வரவில்லை. கையை என் இரண்டு கைக்குள் வைத்துத் தேய்த்துச் சூடாக்கி, மோதிர விரலின் ஓரத்தில் மறுபடி குத்தினேன். முதல் துளியைப் பஞ்சால் துடைத்துவிட்டு, இரண்டாவது துளியைக் குழாயில் எடுத்துப் பட்டையில் விட்டு, கிட்டோடு வரும் பஃபர் திரவத்தைச் சொட்டு விட்டு, போனில் டைமர் வைத்தேன். கிட் வேலை செய்கிறது என்று காட்டும் சி கோடு வந்தது. தொற்றைக் காட்டும் டி இடத்தில் பென்சிலால் லேசாகக் கிழித்த மாதிரி ஒன்று. எனக்கு முன்னாடி அவர் பார்த்துவிட்டார். "விழுந்திடுச்சா?" என்றார். என்னுடன் வந்தவரையும் தனியாகப் படிக்கச் சொன்னேன். இரண்டு பேர் படித்தும் ஒரே பதில். மறுநாள் காலை முதல் ஆளாக வேறொரு மையத்தில் நின்றோம். உறுதியானது. இன்றைக்கு மாத்திரையில் இருக்கிறார், வைரஸ் அளவு டெஸ்டில் தெரியாத அளவுக்கு இறங்கிவிட்டது. மங்கலான கோட்டைப் படித்தது நான்தான்.

மைக்ரோபிப்பெட்:
ஒன்று சரியாக வந்ததை வைத்து எல்லாம் சரி என்று சொல்ல முடியாது.

தெருவிளக்கு:
ஒன்று தப்பாக வந்ததை வைத்து நீங்கள் சொல்லலாமா?

பழையஆள்:
தெருவிளக்கு எப்போதும் இப்படித்தான். போன மாதம் விண்டோ பீரியட், அதாவது தொற்றியும் டெஸ்டில் தெரியாத காலம், பற்றிப் பேசும்போதும் என் பதிலை மேலோட்டமாகப் படித்துவிட்டுக் குதித்தார். இப்போதாவது ஒப்புக்கொள்வாரா? விரலில் எடுக்கும் ஆன்டிபாடி டெஸ்டில் (வைரஸை அல்ல, அதை எதிர்த்து உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவது) தொற்றி மூன்று மாதம் வரை நெகட்டிவ் காட்டலாம். ராத்திரி குத்தி நெகட்டிவ் சீட்டு கொடுத்தால், அதை நம்பி ஆணுறையைத் தூக்கி எறிந்துவிடுவார்கள்.

தெருவிளக்கு:
போன மாதம் நீங்கள் "ஆறு மாதம்" என்று எழுதினீர்கள், நான் மூன்று என்று திருத்தினேன். இழை இன்னும் அங்கேயேதான் இருக்கிறது. அப்புறம், நாங்கள் சீட்டு கொடுப்பதில்லை. எப்போது மறுபடி டெஸ்ட் செய்ய வேண்டும் என்று தேதி சொல்லிவிட்டு, ஆணுறையும் கையில் கொடுத்துவிட்டுத்தான் வருவோம்.

பழையஆள்:
அது தட்டச்சுப் பிழை.

பாதிநிலா:
எனக்கு எச்ஐவி இருப்பது களத்தில்தான் தெரிந்தது, அதனால் பேச உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். எனக்கு விழுந்த கோடு மங்கல் இல்லை, நன்றாகவே விழுந்தது. என் பிரச்சினை வேறு. டெஸ்ட் செய்த பையன் எங்கள் வட்டத்து ஆள். அவன் யாரிடமாவது சொல்லிவிடுவானோ என்று ஆறு மாதம் தூக்கமில்லை. "நம்ம ஆட்களே டெஸ்ட் பண்ணட்டும்" என்று எல்லோரும் சொல்கிறார்கள். நம்ம ஆளுக்குத்தான் நம்மைத் தெரிந்தவர்கள் எல்லோரையும் தெரியும். அதனால்தான் இப்போது நண்பர்களிடம் சுயபரிசோதனை கிட் வாங்கிக்கொள்ளச் சொல்கிறேன். 2016லிருந்து உலக சுகாதார நிறுவனமே அதைப் பரிந்துரைக்கிறது.

மைக்ரோபிப்பெட்:
நல்லது. இப்போது பயிற்சியே இல்லாதவர் வீட்டில் தனியாக உட்கார்ந்து மங்கலான கோட்டைப் படிப்பார். வாய் ஈறில் தேய்க்கும் ஓராக்விக் கிட்டுக்கு 2012ல் அமெரிக்காவில் வீட்டு உபயோக அனுமதி கொடுத்தபோதே, தொற்று உள்ளவர்களே பயன்படுத்திப் பார்த்ததில் 92 சதவீதம் பேரைத்தான் அது பிடித்தது. பன்னிரண்டில் ஒருவர் கைநழுவிப் போகிறார்.

தெருவிளக்கு:
அதே கிட் தொற்று இல்லாதவர்களில் 99.98 சதவீதம் பேருக்குச் சரியாக நெகட்டிவ் காட்டியது. நீங்கள் பயப்படுகிற தப்பான கோடு ஐயாயிரத்தில் ஒன்று. அதை மட்டும் விட்டுவிட்டீர்களே.

பாதிநிலா, நீங்கள் சொன்னது எனக்கு உறைத்தது. வாயைத் திறக்கிற களப்பணியாளரை நான் குழுவிலிருந்து அனுப்பியிருக்கிறேன். ஆனால் ஆறு மாதம் தூங்காமல் இருந்தேன் என்கிறீர்களே, தெரியாமலே இருந்திருந்தால்?

பாதிநிலா:
இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். தெரிந்தது நல்லது என்று சொல்லிவிட்டால் தூங்காத ஆறு மாதத்துக்குக் கணக்கு முடிந்துவிடுமா?

கணக்குப்புலி:
பெரிய அளவில் செய்து பார்த்தது வேண்டுமானால் பாப்ஆர்ட் என்ற ஆய்வு இருக்கிறது. ஜாம்பியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் 2013 முதல் 2018 வரை, 21 பகுதிகளில், சுமார் 10 லட்சம் பேர். சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் டெஸ்ட் செய்தார்கள். அப்படிச் செய்யாத பகுதிகளைவிட ஒரு குழுவில் புதிய தொற்று 30 சதவீதம் குறைவு.

பழையஆள்:
இன்னொரு குழுவில் 7 சதவீதம்தான். அதுவும் உடனடி சிகிச்சை உட்பட எல்லாம் கொடுத்த குழு. அதை ஏன் மறைக்கிறீர்கள்?

கணக்குப்புலி:
மறைக்கவில்லை, எழுதிக்கொண்டிருந்தேன். 7 என்பது புள்ளியியல்படி உறுதியாகச் சொல்லக்கூடிய வித்தியாசம் இல்லை. ஏன் அப்படி வந்தது என்று அந்த ஆய்வாளர்களே தலையைப் பிய்த்துக்கொண்டார்கள்.

தெருவிளக்கு:
வீட்டுக்குப் போனால் ஆண்கள் வீட்டில் இருப்பதில்லை, அங்கேயும் அதுதான் பிரச்சினை. நான் தேடுகிறவர்களில் பாதிப் பேருக்கு வீடே இல்லை. அதனால்தான் தெரு. மைக்ரோபிப்பெட், ஒரு ராத்திரி என்னோடு வாருங்கள். கிட்டை நீங்களே பிடியுங்கள், நேரத்தை நீங்களே பாருங்கள்.

மைக்ரோபிப்பெட்:
வந்தாலும் இதையேதான் சொல்வேன். டார்ச் வெளிச்சத்தில் மங்கலான கோட்டைப் படிக்கக் கூடாது.

தெருவிளக்கு:
அப்படியானால் நல்ல விளக்காக ஒன்று எடுத்துக்கொண்டு வாருங்கள். ராத்திரி பதினொன்றுக்கு அந்த விரலைப் பிடித்துக்கொள்ள உங்கள் ஆய்வகத்திலிருந்து யாராவது ஒருவர் வருவாரா, அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

பழையஆள்:
மறுபடி சொல்கிறேன், ஆறு மாதம் என்பது தட்டச்சுப் பிழை.