குப்பை இல்லாத கல்யாணம்: எதில் பிடிவாதம் பிடிப்பது, எதை விட்டுக்கொடுப்பது?

மழைக்காகிதம்:

எனக்கு இன்னும் நான்கு மாதத்தில் கல்யாணம். குப்பை சேராமல் நடத்திவிட வேண்டும் என்று நானும் அவரும் ஒரே மாலையில் பேசி முடிவெடுத்தோம். அதற்கப்புறம் நான் செய்வதெல்லாம் கணக்கு, சண்டை, மறுபடி கணக்கு.

பத்திரிகையில் தொடங்கியது. காகிதமே வேண்டாம், செல்பேசியில் அனுப்பிவிடலாம் என்றேன். அம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் ஒரு மாதிரிப் பத்திரிகையோடு வந்தார்: மேலே பிளாஸ்டிக் பூச்சு, ஓரத்தில் பொன் நிறத் தகடு, தொட்டால் விரலில் ஒட்டும் மினுமினுப்பு. மறுசுழற்சிக்கு எடுக்க மாட்டார்கள் என்று சொன்னால், "பத்திரிகையை யார் குப்பையில் போடுவார்கள்?" என்கிறார்.

சரி, அது அம்மா. என் பக்கம் மட்டும் ஒழுங்கா என்றால் அதுவும் இல்லை. வருகிற 300 பேருக்கும் எங்கள் பெயரும் தேதியும் அச்சடித்த துணிப்பை தருவதாக இருந்தேன். பெருமையாகவும் இருந்தது. பிறகுதான் பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2011-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தேன். ஒரு முறை பயன்படுத்தி எறியும் மெல்லிய பிளாஸ்டிக் பையைவிடப் பருத்திப் பை புவி வெப்பக் கணக்கில் மேல் என்று சொல்ல, அதை 131 முறை தூக்கியிருக்க வேண்டுமாம். (பிளாஸ்டிக் கடலில் மிதப்பது வேறு கணக்கு, அது எனக்கும் தெரியும்.) எழுந்து போய் எங்கள் சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருக்கும் ஆணியைப் பார்த்தேன். 23 துணிப்பைகள். கடைக்குப் போய் வருவது அதில் இரண்டுதான்.

இதையெல்லாம் விடப் பெரியது, அவருடைய அண்ணன் குடும்பம். நான்கு பேர், கண்டம் தாண்டி விமானத்தில் வருகிறார்கள். அவ்வளவு தூரம் போய்வர ஆளுக்கு ஒரு டன் கரியமில வாயுவுக்கு மேலேயே ஆகலாம். நான் பத்திரிகையில் மிச்சம் பிடிப்பது இதற்கு முன்னால் எந்த மூலைக்கு? அதற்காகக் கூடப் பிறந்த அண்ணனை வராதே என்று சொல்ல முடியுமா?

உடை பிரச்சினையில்லை, சித்தியின் கல்யாண உடையைப் பிரித்துத் தைத்தாகிவிட்டது. தட்டும் கரண்டியும் 'மக்கும்' என்று போட்டதாகப் பார்த்து வாங்கலாம் என்றிருக்கிறேன். மற்றதில் எதைப் பிடித்துக்கொள்வது, எதை விடுவது? தயவுசெய்து "பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வா" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதை அவர் தினமும் சொல்கிறார்.

உரக்குழி:

தட்டு வாங்கும் முன் இதைப் படியுங்கள். எங்கள் குடியிருப்பின் உரக்குழியைப் பார்த்துக்கொள்வது நான்தான். போன வருடம் ஒரு வீட்டு விசேஷம் முடிந்து இரண்டு சாக்கு 'மக்கும்' கரண்டிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நம்பிக் குழியில் போட்டேன். எட்டு மாதம் கழித்து உரத்தைச் சலித்தபோது சல்லடையில் கரண்டிகள் அப்படியே நின்றன. கைப்பிடியில் 'மக்கும்' என்ற எழுத்துகூட அழியவில்லை.

அவை பிஎல்ஏ என்ற பொருளால் ஆனவை. சோளம் போன்ற பயிர்களின் மாவுச்சத்திலிருந்து எடுப்பது என்பது உண்மை. ஆனால் அது மக்க 60 டிகிரி அளவு சூடு விடாமல் இருக்க வேண்டும். பெரிய உர ஆலைகளில் அது நடக்கும். வீட்டுக் குழியில் அந்தச் சூடு நிலைக்காது. மண்ணிலோ கடலிலோ போய் விழுந்தால் மற்ற பிளாஸ்டிக்கைப் போலக் கிடக்கும். காகிதக் கோப்பையும் அப்படித்தான். ஒன்றை இரவெல்லாம் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்துப் பாருங்கள், உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தோல் தனியாக உரிந்து வரும்.

கழுவிப் பயன்படுத்தும் தட்டுகளை வாடகைக்கு எடுங்கள். எச்சிலை வழித்துவிட்டுத் தொட்டியில் ஊறப்போட்டால் தண்ணீர் குறைவாகவே பிடிக்கும். ஆனால் கழுவுகிறவர்களின் கூலியை முன்கூட்டியே கூட்டிப் பேசிவிடுங்கள். நாம் பசுமை என்று சொல்லிக்கொள்வோம், வேலை மட்டும் அவர்கள் முதுகில் ஏறும்.

இன்னொன்று. பூ அலங்காரக்காரரிடம் "பச்சை நுரைக்கட்டி வைப்பீர்களா?" என்று கேளுங்கள். பூக்காம்பைக் குத்தி நிறுத்தும் அந்தக் கட்டி பீனால் ஃபார்மால்டிஹைடு என்ற பிளாஸ்டிக். கையில் அழுத்தினால் பொடிப்பொடியாக உதிரும், ஆனால் மக்காது. பூவோடு சேர்த்து அதையும் என் குழியில் கொட்டிவிட்டுப் போவார்கள். கம்பி வலையும் தண்ணீரும் போதும்.

பார்வையாளன்:

என் நண்பன் பசுமைக் கல்யாணம் செய்தான். சணல், மூங்கில், கண்ணாடிக் குப்பி, மரத்துண்டு, எல்லாம் அதற்கென்றே புதிதாக வாங்கியது. மறுநாள் காலை அத்தனையும் மண்டபத்துக்குப் பின்னால் குவியலாகக் கிடந்தது. வாசலில் 'இயற்கையோடு இணைந்த திருமணம்' என்று வரவேற்றது ஃப்ளெக்ஸ் பேனர். அந்தப் பேனர் இன்னும் அவன் வண்டியின் மேல் மழைக்குப் போர்த்தியிருக்கிறது. அவன் கல்யாணத்தில் மறுபயன்பாட்டுக்கு வந்த ஒரே பொருள் அதுதான்.

பழையசைக்கிள்:

உங்களுக்கு என் மகள் வயதிருக்கும், அந்த உரிமையில் எழுதுகிறேன். பத்திரிகைக்காக அம்மாவோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அந்தப் பிடிவாதத்தைத் தலை எண்ணிக்கையில் காட்டுங்கள்.

என் மகள் கல்யாணத்தில் சமையல்காரரிடம் 400 என்று சொன்னேன். குறைந்துபோனால் மானம் போகும் என்று நானே 50 கூட்டிச் சொன்ன எண் அது. வந்தவர்கள் 270. இரவு பதினொரு மணிக்கு, மூடி திறக்காத பாத்திரங்கள் வரிசையாக நிற்க, நான் முதியோர் இல்லங்களுக்குத் தொலைபேசிக்கொண்டிருந்தேன். எடுத்த ஒருவர், "ஐயா, எல்லோரும் சாப்பிட்டுத் தூங்கியாச்சு. மத்தியானமே சொல்லியிருக்கலாமே" என்றார். விடிகாலையில் எல்லாவற்றையும் குழி வெட்டிக் கொட்டினோம். அந்த வாசனை இன்னும் மறக்கவில்லை.

ஐநா சுற்றுச்சூழல் திட்டத்தின் 2024 அறிக்கைப்படி 2022-இல் உலகம் வீணாக்கிய உணவு 105 கோடி டன். சாப்பிடுகிறவர்களுக்குக் கிடைத்த உணவில் 19 சதவீதம். குப்பைமேட்டில் காற்றில்லாமல் அழுகும்போது வருவது மீத்தேன். இருபது வருடக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல ஏறக்குறைய 80 மடங்கு வெப்பத்தைப் பிடித்துவைக்கும். ஆகவே வருகிறீர்களா என்று ஒவ்வொருவரையும் கேளுங்கள், கடைசி வாரத்தில் இன்னொரு முறை கேளுங்கள். சமையலை ஒரே மூச்சில் முடிக்காமல் இரண்டாம் தவணையைக் கூட்டத்தைப் பார்த்து ஏற்றச் சொல்லுங்கள். மிஞ்சினால் யாருக்கு என்பதை ஒரு வாரம் முன்பே பேசிவையுங்கள்.

விமானத்துக்கு ஒரு யோசனை. அந்த அண்ணன் எப்படியும் ஆண்டுக்கொரு முறை வருகிறவராக இருந்தால், அந்தப் பயணத்தையே கல்யாணத் தேதிக்கு மாற்றச் சொல்லுங்கள், இரண்டு பயணம் ஒன்றாகும். இல்லையென்றால் விட்டுவிடுங்கள். ஆளுக்கு ஆள் கரித்தடம் (ஒருவரால் எவ்வளவு கரியமில வாயு சேர்கிறது என்பது) கணக்குப் போடும் கருவியை 2004-இல் ஊரெல்லாம் பரப்பியதே பிபி என்ற எண்ணெய் நிறுவனம்தான். அவர்கள் போட்ட கணக்கில் நீங்கள் தூக்கம் கெடுவானேன்?

மழைக்காகிதம்:

எல்லோருக்கும் நன்றி. துணிப்பையை ரத்து செய்துவிட்டேன். ஆணியில் 23 பை தொங்குவதை அம்மாவிடம் சொன்னேன். நம்பாமல் போய் எண்ணிவிட்டு, "24, உன் பழைய பள்ளிக்கூடப் பையை விட்டுவிட்டாய்" என்றார். வெறுங்கையோடு எப்படி அனுப்புவது என்ற வருத்தம் அவருக்கு இன்னும் இருக்கிறது. அதற்கு என்னிடம் பதில் இல்லை.

பெரியவர்களுக்கு மட்டும் 60 பத்திரிகை, தகடும் மினுமினுப்பும் இல்லாமல். அதில் நான் இறங்கிவந்தேன். அண்ணன் குடும்பம் ஆறு மாதம் கழித்து விடுமுறைக்கு வருவதாகத்தான் இருந்தார்களாம், கேட்டதும் அதைக் கல்யாணத்தோடு சேர்த்துவிட்டார்கள். இதை முதலிலேயே ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், மூன்று வாரம் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன்.

எண்ணிக்கை இப்போது 240. அம்மா ரகசியமாகச் சமையல்காரரிடம் 300 என்று சொல்லிவிடுவார் என்று அவர் பந்தயம் கட்டுகிறார். அதனால் சமையல்காரரின் எண் இனி என் கையில் மட்டும்.

உரக்குழி, தட்டு வாடகைக்கே. 240 பேருக்கு ஊறப்போட எத்தனை தொட்டி வேண்டும்?

உரக்குழி:

ஒரே நேரத்தில் எத்தனை பேர் உட்காருவார்கள் என்பதைப் பொறுத்தது. 80 பேர் என்றால் பெரிய தொட்டி மூன்று: ஊற ஒன்று, தேய்க்க ஒன்று, அலச ஒன்று. தொட்டிக்கு முன்னால் எச்சில் வழிக்க ஒரு வாளி வைத்து, பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்துங்கள். ஆள் இல்லாவிட்டால் காகிதக் கைத்துடைப்பானையும் அதிலேயே போடுவார்கள். அந்த வாளி நிரம்பியதும் எனக்குச் சொல்லுங்கள், பக்கத்தில்தான் என்றால் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். கரண்டி மட்டும் வேண்டாம்.