மின் பிரஷர் குக்கரில் வெண்பொங்கல் அடிப்பிடிக்கிறது, உதவுங்கள்

மாடிவீடு:
அம்மாவுக்கு முழங்கால் வலி. அடுப்பருகே நின்று விசில் எண்ண வேண்டாமே என்றுதான் மின் பிரஷர் குக்கர் வாங்கினேன். சாதமும் சுண்டலும் அருமையாக வருகின்றன. வெண்பொங்கல் மட்டும் மூன்று முறையும் கெட்டுவிட்டது. உள்பாத்திரத்திலேயே நெய்யில் மிளகு, சீரகம் தாளித்து, பாசிப்பருப்பை வறுத்து, அரிசியும் நான்கு பங்கு தண்ணீரும் சேர்த்து மூடுகிறேன். மூடியின் ஓரத்தில் ஆவி கசிகிறது. சற்று நேரத்தில் அதிகச் சூடு என்று எச்சரித்து நின்றுவிடுகிறது. திறந்தால் அடியில் பழுப்புப் படலம், மேலே அரைவேக்காட்டு அரிசி. குக்கர் பழுதா?

கல்சட்டி:
பழுதாக இருக்காது, சகோதரி. ஓரத்தில் கசிகிறது என்றால் முதலில் சிலிக்கான் வளையத்தைப் பாருங்கள். மூடியைக் கவிழ்த்து, விரலால் சுற்றிலும் தடவினால் எங்கே தூக்கிக்கொண்டிருக்கிறது என்று தெரிந்துவிடும். என் வீட்டில் ஒருமுறை காய்ந்த சோற்றுப் பருக்கை ஒன்று வளையத்தடியில் ஒட்டியிருந்தது. அது போதும், அழுத்தம் ஏறவே இல்லை.

நெய்மணம்:
வளையத்தோடு அடியையும் கவனியுங்கள். வறுத்த பருப்பு ஒட்டிக்கொண்டால் அந்த இடம் மட்டும் காய்ந்து சூடேறும், குக்கர் தானாக நின்றுவிடும். வறுத்ததும் கொஞ்சம் தண்ணீர் விட்டு மரக்கரண்டியால் சுரண்டிவிடுங்கள். நான் அதுகூடச் செய்வதில்லை. உள்பாத்திரத்தில் இரண்டு டம்ளர் தண்ணீர், அதில் ஒரு ஸ்டாண்ட், அதன்மேல் எவர்சில்வர் பாத்திரத்தில் அரிசி, பருப்பு, தண்ணீர். தாளிப்பைக் கடைசியில் கொட்டினால் மிளகு வாசனையும் தூக்கலாக இருக்கும். பொங்கி வழியும் பண்டம் என்பதால் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள்.

விசில் கணக்கையும் மறந்துவிடுங்கள். அடுப்புக் குக்கரில் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 15 பவுண்டு அளவில் இருக்கும். மின் குக்கர்கள் பலவற்றில் 10 முதல் 12 வரைதான். அதனால் நேரம் சற்றுக் கூடவே ஆகும். 12 நிமிடம் வையுங்கள், பிறகு ஆவி தானாக அடங்கட்டும். அவசரப்பட்டு ஆவியைத் திறந்தால் கஞ்சி பீய்ச்சி அடிக்கும். அம்மா தனியாக இருக்கும்போது இதை அவசியம் சொல்லிவையுங்கள்.

மாடிவீடு:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. கைப்பிடிக்கு நேர்கீழே வளையம் மடங்கியிருந்தது! கழுவித் துடைத்துப் பொருத்தினேன். ஸ்டாண்ட் முறையில் வைத்தேன், குழைய வெந்துவிட்டது. அம்மா நாற்காலியில் அமர்ந்தபடியே தாளித்துக் கொட்டினார். இன்னொரு சந்தேகம்: வளையத்தில் சாம்பார் வாசனை போகவே மாட்டேன் என்கிறது. பாயசம் வைக்கலாமா?

கல்சட்டி:
சிலிக்கான் வாசனையைப் பிடித்துக்கொள்ளும். வெயிலில் காயவைத்தால் குறையும், முழுவதும் போகாது. இனிப்புக்கென்று தனியாக ஒரு வளையம் வாங்கிவையுங்கள்; உங்கள் குக்கரின் அளவுக்குரியதையே கேட்டு வாங்குங்கள்.