சிம்னியில் எழுதியிருந்த ஜேனா யார்?

தக்கலையிலிருந்து

எங்கள் வீட்டில் ஒரு பழைய மேசை விளக்கு உண்டு. பித்தளை அடி, பச்சைக் கண்ணாடியில் எண்ணெய்க் குப்பி, இரண்டு பட்டைத் திரி, மேலே சிம்னி. பாட்டா நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த காலத்தில், சீமைக்குத் திரும்பிய ஒரு மிஸ்ஸியம்மா கொடுத்துவிட்டுப் போனதாம். அந்த மிஸ்ஸியம்மாவின் பெயர் ஜேனா என்று அம்மா சொல்வார். எப்படித் தெரியும் என்று கேட்டால், “அதுலதானே எழுதிக் கெடக்கு மக்கா” என்பார்.

எழுதியிருப்பது உண்மைதான். ஆனால் சும்மா பார்த்தால் தெரியாது. சிம்னியின் மேல் வாயைக் குவித்து ‘ஹா’ என்று ஊதினால் ஆவி படியும். அதற்குள் சின்ன வட்டமாகச் சில எழுத்துகள் தெரிந்து, இரண்டு நொடியில் மறைந்துவிடும். சின்ன வயதில் இது எங்களுக்குப் பேய் விளையாட்டு. போன மாதம் வெள்ளையடிக்க சாமான்களை இறக்கியபோதுதான் அதை ஒழுங்காக வாசித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். குட்டிக்கூரா பவுடரைப் பஞ்சில் தொட்டு அந்த இடத்தில் லேசாகத் தடவி, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தேன். எழுத்து அசையாமல் நின்றது. முதலில் ‘ஷொட்’, பிறகு ‘கென்’, அடியில் ‘ஜெனா’.

ஜெனா பெண்ணின் பெயர் இல்லை, ஜெர்மனியில் ஓர் ஊர். அவர்கள் உச்சரிப்பில் யேனா. 1884-ல் ஓட்டோ ஷொட், எர்ன்ஸ்ட் அபே, கார்ல் சைஸ், அவர் மகன் ரோடரிக் சைஸ் ஆகிய நான்கு பேர் சேர்ந்து அங்கே ஒரு கண்ணாடி ஆய்வுக்கூடம் தொடங்கினார்கள். ‘கென்’ என்பது கெனோசன், அதாவது கூட்டாளிகள். நம் ஊரில் ‘அன் கோ’ போடுவது மாதிரி. மைக்ரோஸ்கோப்புக்கு லென்ஸ் கண்ணாடி செய்யத் தொடங்கியவர்கள், போரான் சேர்த்து சூட்டைத் தாங்கும் கண்ணாடியையும் கண்டுபிடித்தார்கள். சாதாரணக் கண்ணாடி சூட்டில் அதிகம் விரியும். எரிகிற சிம்னியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தால் டப் என்று போய்விடும். இவர்கள் கண்ணாடி அவ்வளவு விரியாது, அதனால் விளக்குச் சிம்னிக்குத் தோதாக இருந்தது. எங்கள் பழைய ஓட்டு வீட்டில் ஆடி மாத ஒழுக்குக்கு அடியில் இது எப்படித் தப்பியது என்று இப்போதுதான் புரிகிறது.

சரி, சிம்னி ஜெர்மனி. திரியை ஏற்றி இறக்கும் திருகில் ‘ஹிங்க்ஸ்’ என்று இருக்கிறது. அது பர்மிங்காம் கம்பெனி. இந்த இரட்டைத் திரி பர்னருக்கு 1865-ல் காப்புரிமை வாங்கியவர்கள். பச்சைக் குப்பியிலோ ஓர் எழுத்தும் இல்லை. அப்படியானால் விளக்கை யார் செய்தது என்று சொல்வது? இந்த மாதிரி கண்ணாடிச் சாமானில் பெயர் பார்த்துக் குழம்பியவர்கள் இருந்தால் உங்கள் கதையையும் சொல்லுங்கள்.

குளச்சலிலிருந்து

அண்ணாச்சி, எனக்குக் கோலி சோடா பாட்டிலில் இதே கூத்து நடந்தது. அப்பாவின் கடையில் கிடந்த ஒரு பாட்டில், வழக்கமானதைவிடக் கனம். வயிற்றில் பெரிதாக ஒரு கம்பெனிப் பெயர் புடைப்பு எழுத்தில் இருந்தது. அவர்கள்தான் பாட்டிலைச் செய்தவர்கள் என்று நினைத்து ஒரு மாதம் தேடினேன். அது சோடா நிரப்பி விற்றவன் பெயராம். செய்தவன் பெயர் அடிவிளிம்பில், எறும்பு ஊர்ந்த மாதிரி சின்னதாக: டான் ரைலண்ட்ஸ், பார்ன்ஸ்லி. பார்ன்ஸ்லி இங்கிலாந்தில் யார்க்‌ஷயர் பக்கம். குண்டு வைத்து அடைக்கும் உபாயம் ஹிராம் காட் என்ற இன்னொருவருடையது, 1870-களில் காப்புரிமை வாங்கியது. ஆக, ஒரே பாட்டிலுக்கு மூன்று சொந்தக்காரர்கள். உள்ளே இருக்கும் குண்டுக்காக எத்தனை பாட்டிலை உடைத்தோம் என்று நினைத்தால் இப்போது வயிறு எரிகிறது.

மார்த்தாண்டத்திலிருந்து

நீங்களாவது பழைய சாமானை வைத்துக் குழம்பினீர்கள். நான் காசு கொடுத்துக் குழம்பினேன். சார்ஜாவில் வேலை பார்த்தபோது ஒரு பழம்பொருள் கடையில் பூச்சாடி வாங்கினேன். மஞ்சள் கண்ணாடிமேல் ஊதா அடுக்கு, அதில் கொடியும் பூவும், ஓரத்தில் ‘காலே’ என்று கையெழுத்து. பிரான்சில் நான்சி என்ற ஊரைச் சேர்ந்த கண்ணாடிக் கலைஞர் எமில் காலேயின் பெயருக்கு உலகம் முழுக்க மவுசு. 1,200 திர்ஹாம் போயிற்று.

ஒரு வருடம் கழித்துத் துடைக்கும்போது கையெழுத்தின் பக்கத்தில் விரல் வழுக்கியது. மற்ற இடமெல்லாம் சொரசொரப்பு, அங்கே மட்டும் நகம் அளவுக்கு ஒரு பள்ளம், மொழுமொழுவென்று. விசாரித்தால், ருமேனியாவில் இதே பாணியில் இப்போதும் செய்கிறார்களாம். அவர்கள் ஒளித்து வைப்பதில்லை. ‘காலே’ என்ற பெயருடன் ‘டிப்’ என்றும் போடுகிறார்கள். அவர்கள் மொழியில் ‘வகை’ என்று பொருள். இடையில் கைமாற்றுகிற எவனோ அந்த ‘டிப்’பை மட்டும் ராவி எடுத்துவிடுகிறான். ராவிய இடம்தான் என் விரலில் தட்டுப்பட்டது. காலே 1904-ல் இறந்த பிறகும் பட்டறை நடந்தது. அதன்பின் சில ஆண்டுகள் பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டார்கள். இதெல்லாம் வாங்கும் முன் தெரிந்திருக்க வேண்டும். சாடி இப்போது டிவி பக்கத்தில் இருக்கிறது. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, அதில் குறை சொல்ல முடியாது.

வடசேரியிலிருந்து

என் கதை கேட்டால் திட்டுவீர்கள். மாமியார் வீட்டு ரோஸ் நிறக் கிண்ணம், அடியில் பொன் நிறத்தில் ஏதோ இங்கிலீஷ் கையெழுத்து. பளபளப்பாக்கலாம் என்று, குத்துவிளக்குத் தேய்க்கும்போது அதையும் சேர்த்து புளி போட்டுத் தேய்த்துவிட்டேன். கண்ணாடியில் வெட்டிய எழுத்தாக இருந்தால் தப்பியிருக்கும். இது மேலே பூசிய பொன் எழுத்து. கழுவிப் பார்த்தால் ஒரு வால் மட்டும் மிச்சம், ‘எஸ்’ஸோ ‘ஆர்’ஓ. மாமியாருக்கு இன்னும் தெரியாது. அவர் செல்போன் பார்ப்பதில்லை என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

குலசேகரத்திலிருந்து

தம்பி, பெயரே இல்லாத சாமானுக்கும் வழி உண்டு. என் தாத்தா ரப்பர் எஸ்டேட் பங்களாவில் பட்லர். அங்கிருந்து வந்த சர்க்கரைக் கிண்ணத்தின் உள்பக்கத்தில் ‘ஆர்டி’ என்று போட்டு ஆறு இலக்க எண் ஒன்று இருக்கிறது, ஒன்றரை லட்சத்துக்குச் சற்று மேலே. விலையோ சீட்டு நம்பரோ என்று நினைத்திருந்தோம். அது பிரிட்டனில் வடிவத்தைப் பதிவு செய்த எண். 1884-ல் ஒன்றிலிருந்து தொடங்கினார்கள். அதற்கு முன்னால் 1842 முதல் வைர வடிவக் குறி. ஒன்றரை லட்சம் என்றால் 1890 வாக்கு. யார் பதிவு செய்தார் என்ற பேரேடு லண்டனில் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. ஒன்று கவனி: அது வடிவம் பதிவான வருடம். அதே அச்சில் பிறகும் பல வருடம் வார்த்திருப்பான்.

எண்ணோ பெயரோ இல்லாவிட்டால் கண்ணாடியில் ஏதாவது படக்குறி இருக்கிறதா என்று தேடு. மயில் தலை இருந்தால் இங்கிலாந்தில் கேட்ஸ்ஹெட்டில் இருந்த சவர்பி கம்பெனி.

உன் விளக்குக்கு என் யோசனை, பர்னரையும் சிம்னியையும் மறந்துவிடு. அவை சைக்கிளுக்கு டயர் மாதிரி, உடைந்தால் கிடைத்ததை மாட்டுவார்கள். குப்பியைப் பார்.

குளச்சலிலிருந்து மறுபடியும்

ஒன்று விட்டுப்போயிற்று. என் சித்தப்பா ஒரு அத்தர் குப்பியை வைத்துக்கொண்டு, முப்பாட்டன் 1880-ல் கப்பலில் கொண்டுவந்தது என்பார். அடியில் ‘மேட் இன் செக்கோஸ்லோவாக்கியா’ என்றிருக்கிறது. அந்த நாடே பிறந்தது 1918-ல். சொல்லிப் பார்த்தேன். ஒரு வாரம் பேசவில்லை.

தக்கலையிலிருந்து

குலசேகரம் அண்ணாச்சி சொன்னபடி குப்பியைக் கழற்றிப் பார்க்க முயன்றேன். குப்பிக்கும் பித்தளைக்கும் நடுவில் பழைய பிளாஸ்டர் சாந்து, அசைத்தாலே உதிர்கிறது. விட்டுவிட்டேன். ஆனால் கழற்றாமலே ஒன்று பார்த்தேன். உள்ளே டார்ச் அடித்தால் கண்ணாடியில் நீளக் குமிழிகள், எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து இழுபட்டு இருக்கின்றன. ஊதும்போது சுற்றிய திசை அப்படியே உறைந்து நிற்கிறது. அச்சுப் பொருத்தின் கோடு எங்கும் இல்லை. கையால் ஊதியது என்றவரைக்கும் வந்துவிட்டேன்.

ராத்திரி அம்மாவிடம் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். ஜேனா ஊர்ப் பெயர், ஷொட் ஒரு கண்ணாடிக்காரர், ஹிங்க்ஸ் பர்மிங்காம். பொறுமையாகக் கேட்டுவிட்டு சிம்னியை வாங்கி, ஒருதரம் ஊதிப் பார்த்தார்.

“அப்பம் அந்த மிஸ்ஸியம்மாவுக்க பேரு என்ன மக்கா?”