மேற்கு வெயில் விழும் சிமென்ட் முற்றம்: மாசியில் பைத்தோட்டம் தொடங்கலாமா?

கேள்வி (திருத்தணி)

வீட்டு முன்னால் 8 அடிக்கு 10 அடி சிமென்ட் தளம். மேற்குப் பார்த்த வாசல், பகல் 12 மணியிலிருந்து பொழுது சாயும்வரை நேர் வெயில். போர் தண்ணீர்தான், குடத்தில் வெள்ளையாகப் படியும் அளவுக்கு உப்பு. தக்காளி, கத்தரி, கீரை வைக்க ஆசை. எத்தனை பை, மண் எவ்வளவு, நிழல்வலை எது வாங்குவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் (குடியாத்தம்)

முதலில் ஒன்று. இந்த மாதிரி தளத்தில் செடி சாவது இலைமேல் படும் வெயிலால் இல்லைங்க, வேர் வேகுவதால். சிமென்ட் பகலில் குடித்த சூட்டை ராத்திரி எட்டு மணிவரை கக்கும். பைக்குள் மண் 40 டிகிரியைத் தாண்டினால் வேர் தண்ணீர் இழுப்பது குறைந்துவிடும். மண் ஈரமாக இருக்கும், செடி வாடும். நாம் பயந்து இன்னும் ஊற்றுவோம், வேர் அழுகும். வாடினால் விரலை 2 அங்குலம் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் சாயங்காலம்வரை கை வைக்க வேண்டாம். பொழுது சாய்ந்ததும் தானே நிமிரும். காலையிலும் வாடியே இருந்தால்தான் கவலை.

அதனால் கறுப்புத் தொட்டி வேண்டாம். வெளிப்பக்கம் வெள்ளையாக உள்ள குரோ பேக் (செடி வளர்க்கும் பை), 12க்கு 12 அங்குலம், 12 பை போதும். ஒவ்வொன்றையும் இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள். அடியில் காற்று ஓடும், தண்ணீரும் வடியும். மேற்குப் பக்க வரிசைக்கு மட்டும் பையைச் சுற்றி ஒரு பழைய சணல் சாக்கு.

10 அங்குல உயரம் நிரப்பினால் ஒரு பைக்குச் சுமார் 18 லிட்டர் மண் பிடிக்கும். 12 பைக்கு 216 லிட்டர். மூன்றில் ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு மக்கிய தொழு உரம், ஒரு பங்கு கோகோபீட் (தேங்காய் நார்க்கழிவுத் தூள்). செம்மண் 2 சிமென்ட் மூட்டை, எரு 2 மூட்டை. 5 கிலோ கோகோபீட் கட்டி ஒன்று ஊறினால் ஏறக்குறைய 70 லிட்டர் வரும், கணக்கு சரியாகிவிடும். பைக்கு 50 கிராம் வேப்பம்புண்ணாக்கு சேர்த்து, லேசாக நனைத்து, 10 நாள் நிழலில் போட்டுவிட்டுப் பிறகு விதையுங்கள். உடனே விதைத்தால் புண்ணாக்கு மக்கும் சூட்டில் முளை கருகும்.

பதில் (சித்தூர்)

மண் விஷயத்தில் அண்ணன் சொன்னதற்கு மேல் இல்லை. பயிரைத்தான் மாற்ற வேண்டும். மாசியில் வைக்கும் தக்காளி சித்திரையில் பூக்கும். பகல் 35 டிகிரிக்கு மேல் போய், ராத்திரியும் குளிரவில்லை என்றால் பூ பிஞ்சாகாமல் கொட்டும். எந்த உரம் தெளித்தும் நிற்காது. தக்காளியை ஆடிக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்போது வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை, அரைக்கீரை போடலாம். முக்கியமாகப் புளிச்சக்கீரை, எங்கள் பக்கம் கோங்கூரா. இந்த வெயிலுக்கென்றே பிறந்த செடி. கத்தரி தாக்குப்பிடிக்கும், காய்ப்பு குறையும்.

நிழல்வலை 50 சதவீதம், அதாவது பாதி வெயிலைத் தடுப்பது. தலைக்கு மேல் 7 அடி உயரத்தில் கட்டுவதோடு, மேற்கே திரைபோல ஒரு துண்டு தொங்கவிடுங்கள். சாய்வெயில் பக்கவாட்டில்தான் வரும், மேல்வலை அதைத் தடுக்காது. கோடைமழைக் காற்று வலையைக் கிழிக்கும். 2 அடிக்கு ஒரு கட்டு. ஆனி பிறந்து சூடு தணிந்ததும் கழற்றிவிட வேண்டும், இல்லாவிட்டால் வெண்டை வெறும் இலையாக வளரும்.

கேட்டவர் (திருத்தணி)

ரொம்ப நன்றிங்க. ஏற்கெனவே இருக்கும் இரண்டு மண்தொட்டியில் இலை ஓரம் மட்டும் பழுப்பாகக் காய்கிறது, தொட்டி வெளியே வெள்ளைப் பூச்சு. தண்ணீர் பற்றவில்லையா?

பதில் (நகரி)

தண்ணீர் பற்றாமல் இல்லை, உப்பு தங்கிவிட்டது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினால் தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு மண்ணிலேயே நிற்கும். 15 நாளுக்கு ஒருமுறை அடியில் தாராளமாக வழியும்வரை மெதுவாக ஊற்றி உப்பை வெளியேற்றுங்கள். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள், மறுபடி தொட்டி அதை உறிஞ்சக் கூடாது. ஆர்.ஓ. கழிவுநீரை ஊற்றவே ஊற்றாதீர்கள், போர் தண்ணீரைவிட உப்பு அதிகம். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் நல்லது. மழைநீர் அதைவிட நல்லது. கோகோபீட்டிலும் உப்பு உண்டு, ஊறவைத்துப் பிழிந்து 3 முறை கழுவிய பிறகே கலக்க வேண்டும்.

இன்னொன்று: மாடித் தொட்டித் தண்ணீர் சாயங்காலம் வெந்நீராக இருக்கும், வெயிலில் கிடந்த ஹோஸில் முதலில் வருவதும் அப்படியே. ராத்திரியே பக்கெட்டில் பிடித்துவைத்து, காலை 7 மணிக்குள் ஊற்றுங்கள். வளர்ந்த கத்தரிக்குக் கத்திரி வெயிலில் காலை 1 லிட்டர், மாலை 1 லிட்டர். மண்மேல் 2 அங்குலம் காய்ந்த இலை பரப்பினால் இது குறையும். தண்டை ஒட்டி மட்டும் போடாதீர்கள்.

கோடையில் இலையடியில் செஞ்சிலந்தி (சாறு உறிஞ்சும் மிகச் சிறு பேன்) வரும், மெல்லிய நூலாம்படை தெரியும். முதலில் தண்ணீரை இலையடியில் பீய்ச்சுங்கள். அடங்காவிட்டால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல். மாலை 5 மணிக்குப் பிறகு மட்டும்; வெயிலில் அடித்தால் இலை பொசுங்கும்.